பிக்கப்பின் பின்னால் வாடகை டிரெய்லரா, லாரியா, கண்டெய்னரா? அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றுவோருக்கு ஓர் ஒப்பீடு

டெக்ஸாஸின் பிளேனோவிலிருந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்கு நாங்கள் வீடு மாறியது ஓர் ஏப்ரல் மாதத்தில். தூரம் ஏறத்தாழ 1,700 மைல். நானும் மனைவியும் எட்டு வயது மகளுமாக மூன்று பேர், இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட் ஒன்றில் நான்கு ஆண்டுகளில் சேர்ந்த சாமான்கள், பின்னால் திறந்த தொட்டியோடு ஏற்கெனவே எங்களிடம் இருந்த முழு அளவுப் பிக்கப் வண்டி ஒன்று. புதிய வேலை தந்த நிறுவனம் இடமாற்றச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 2018 முதல் இத்தகைய தொகை சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது என்பதால், கடிதத்தில் எழுதியிருந்த எண்ணுக்கும் கையில் வந்த எண்ணுக்கும் இடையே கணிசமான இடைவெளி இருந்தது. ஆகவே ஒவ்வொரு வழிக்கும் உண்மையில் என்ன செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று.

எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். பிக்கப்பின் பின்னால் ஒரு சிறிய மூடிய டிரெய்லரை வாடகைக்கு எடுத்து இழுத்துச் செல்வது முதலாவது. வாடகை லாரியை நானும் பிக்கப்பை மனைவியும் ஓட்டிச் செல்வது இரண்டாவது. வாசலில் இறக்கிவைக்கும் கண்டெய்னரை நாமே நிரப்பி அனுப்பிவிடுவது மூன்றாவது. மூவர்ஸ் நிறுவனம் ஒன்றிடம் முழுவதையும் ஒப்படைப்பது நான்காவது. இப்படிப்பட்ட நிலையில் வாடகைப் பட்டியலைப் பார்த்துத் தொடங்குகிறவர்களே அதிகம்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஸ்டிக்கரில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைத்தான் பேலோட் என்கிறார்கள். ஒரே மாடல் பிக்கப் என்றாலும் கூடுதல் வசதிகளைப் பொறுத்து இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். சன்ரூஃபும் பெரிய சக்கரமும் நான்கு சக்கர இயக்கமும் சேரச் சேர அது குறைந்துகொண்டே போகும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் வேறு கணக்கு. இழுவைத் திறனை அளப்பதற்கு வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த ஜே2807 என்ற தரம் இருக்கிறது. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு அருகே ஏறும் டேவிஸ் டாம் மலைச்சாலைதான் அதன் ஏற்றச் சோதனைக்கு அடிப்படை. கடுமையான சோதனைதான். ஆனால் ஓட்டுநரும் ஒரு பயணியும் தலா 150 பவுண்டு என்ற கணக்கில், பின்தொட்டியில் சரக்கு ஏதும் இல்லாத வண்டியை வைத்து நடத்தப்படுவது. வீடு மாற்றுகிறவரின் வண்டி ஒருபோதும் அப்படி இருக்காது.

டிரெய்லரின் மூக்கு, அதைப் பிக்கப்பின் பின்னால் பூட்டும் ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். டிரெய்லரின் மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும்; அந்த எடை முழுவதும் பிக்கப்பின் பேலோடிலிருந்து கழியும். பலர் தவறவிடும் இடம் இதுதான். எங்கள் வண்டியின் ஸ்டிக்கர் 1,520 பவுண்டு என்றது. மூவரும் சேர்ந்து 390. உள்ளே வைத்த பைகள், தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் 110. வண்டி வாங்கிய பிறகு பொருத்திய தொட்டி மூடியும் ஹிட்ச் கம்பியும் 70. பின்தொட்டியில் ஏற்றியது 310. டங் வெயிட் 260. ஆக மொத்தம் 1,140 பவுண்டு, 380 மிச்சம். அதே சாமானையும் அதே டிரெய்லரையும் 1,100 பவுண்டு ஸ்டிக்கர் உள்ள ஒரு நடுத்தரப் பிக்கப்பில் பூட்டியிருந்தால் வரம்பை 40 பவுண்டு தாண்டிப் போயிருக்கும். 6,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் அந்த வண்டி, 2,400 பவுண்டு டிரெய்லரிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பின்தொட்டியைக் காலியாக விட்டால் சமாளிக்கலாம். ஆனால் அந்தத் தொட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில்தானே பலரும் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டிரெய்லர் என்று வரும்போது தேர்வு உண்மையில் குறுகியது. ஓரிடத்தில் எடுத்து இன்னொரு மாநிலத்தில் விட்டுவிடும் வகையில் மூடிய டிரெய்லர் தருவது பெரும்பாலும் யூ-ஹால்தான். 1945-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டில் தொடங்கிய அந்த நிறுவனம் தன் வலைப்பின்னலைக் கட்டியதே இந்த ஒருவழி டிரெய்லர் என்ற யோசனையின் மேல். அவர்களிடம் உள்ளவற்றில் ஐந்துக்கு எட்டடிப் பெட்டி காலியாக 900 பவுண்டு எடையும், நிரப்பியபின் 2,700 பவுண்டு உச்சவரம்பும் கொண்டது. கொள்ளளவு 208 கன அடி. ஆறுக்குப் பன்னிரண்டடிப் பெட்டி காலியாகவே 1,900 பவுண்டைத் தாண்டும்; உச்சவரம்பு 4,400. பெரியதில் தனியாக பிரேக் உண்டு, பிக்கப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையைக் கொண்டே இயங்கும் சர்ஜ் பிரேக் அது. சிறியதில் பிரேக் கிடையாது. முழுப் பளுவையும் பிக்கப்பின் பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

பெரியதை எடுக்கலாமே என்ற ஆசை எங்களுக்கும் வந்தது. காலி இடம் இருந்தால் அதை நிரப்பாமல் மனிதர்கள் ஓய்வதில்லை என்பதால், உடைந்த அலமாரியும் பழைய சோஃபாவும் கூட 1,700 மைல் பயணம் செய்திருக்கும். அதைவிட முக்கியமானது காற்று. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் பெரிதும் போராடுவது காற்றோடு. அகலமும் உயரமும் கூடிய பெட்டி சமவெளியில் கூட மலை ஏறுவது போல எரிபொருளைக் குடிக்கும். சிறிய பெட்டியின் பெரும்பகுதி பிக்கப்பின் நிழலிலேயே ஒளிந்துகொண்டு வருகிறது. சோஃபாவையும் கட்டில்களையும் விற்றோம். புத்தகங்களில் பாதியை அமெரிக்க அஞ்சல் துறையின் மீடியா மெயிலில் அனுப்பினோம். ஒரு பெட்டி 70 பவுண்டு வரை ஏற்கிறார்கள், மெதுவாகத்தான் வரும், புத்தகங்களுக்கு அவசரமும் இல்லை. இவ்வளவும் செய்தபின் டிரெய்லருக்குள் போனது 1,480 பவுண்டு. ஒவ்வொரு பெட்டியையும் வீட்டு எடை மெஷினில் வைத்துப் பார்த்து, பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதியதால் அந்த எண் எனக்குத் தெரியும்.

அந்த எழுத்துகள் இருந்தும் முதல் நாள் தவறு நடந்தது. கனமானவற்றைக் கடைசியில் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்ததால் நான்கு புத்தகப் பெட்டிகளும் மாவரைக்கும் கல் கிரைண்டரும் கதவோரத்தில் போய் உட்கார்ந்தன. டிரெய்லர் மட்டமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் சந்தேகம் தீராமல் எடை மெஷினை வெளியே கொண்டுவந்து, அதன் மேல் ஒரு பலகையும் மரக்கட்டையும் வைத்து, ஹிட்ச்சில் பூட்டும் டிரெய்லரின் முன்முனையான கப்ளரை அதன் மேல் இறக்கினேன். 130 பவுண்டு. மொத்தம் 2,380 பவுண்டு இருக்கும் டிரெய்லருக்கு இது ஐந்தரை சதவீதம். மனைவி எண்ணைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இருவருக்கும் அடுத்த ஒரு மணி நேர வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து, பாதிச் சாமானை இறக்கி, அந்த 150 பவுண்டை ஆறடி முன்னே கொண்டுபோய் முன்சுவரோடு சேர்த்து அடுக்கினோம். மீண்டும் இறக்கியபோது மெஷின் 260 காட்டியது. நெம்புகோலின் எளிய கணக்குதான்: கப்ளரிலிருந்து சக்கர அச்சு வரை ஏறத்தாழ ஏழடி, 150 பவுண்டை ஆறடி நகர்த்தினால் மூக்கில் 130 கூடும். அறுபது சதவீதப் பளு முன்பாதியில் இருக்க வேண்டும் என்று வாடகைக்காரர் டிரெய்லரின் மேலேயே எழுதி ஒட்டியிருந்ததன் பொருள் அப்போதுதான் கைக்கு எட்டியது.

மூக்கு இலேசான டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். இந்த ஆட்டம் தொடங்கிய பிறகு பிரேக்கை மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் அப்படியே. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்கும்வரை பொறுத்திருப்பதே வழி. வேகம் கூடக்கூட ஆட்டம் பெருகும் தன்மை உடையது என்பதால்தான் யூ-ஹால் தன் டிரெய்லர்களுக்கு மணிக்கு 55 மைல் என்ற வரம்பை வைத்திருக்கிறது. 287-ஆம் நெடுஞ்சாலையில் விச்சிட்டா ஃபால்ஸைத் தாண்டி அமரில்லோவை நோக்கி ஏறும் நீண்ட வெளியில், வசந்தகாலக் காற்று இடப்பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருக்க, ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. முதலில் அது தள்ளிய காற்று எங்களை ஓரத்துக்கு ஒதுக்கியது. லாரியின் வால் கடந்ததும் அதே விசை எங்களை அதன் பக்கம் இழுத்தது. டிரெய்லர் ஒருமுறை அசைந்து அடங்கியது. அந்த நேரத்தில் நான் 65-இல் போய்க்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் 55-ஐத் தாண்டவில்லை.

அந்த 55-க்கு ஒரு விலை உண்டு. ஒப்பீட்டில் அதைச் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது. 1,700 மைலை 70-இல் கடக்க 24 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 55-இல் 31 மணி நேரம். பின்சீட்டில் குழந்தை இருக்கும்போது இந்த ஏழு மணி நேரம் என்பது கூடுதலாக ஒரு நாள், ஒரு மோட்டல் இரவு. கலிபோர்னியாவுக்குள் நுழைந்த பிறகு இது வாடகைக்காரரின் ஆலோசனையாக மட்டும் இருப்பதில்லை. எதையேனும் இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு அங்கே சட்டப்படியே 55 மைல்தான் உச்சம், வலது ஓரத் தடங்களில்தான் செல்ல வேண்டும்.

எரிபொருளில் டிரெய்லர் வெல்கிறது, ஆனால் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து. தனியாக ஓடினால் எங்கள் பிக்கப் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 22 மைல் தரும். டிரெய்லரோடு சராசரி 14. எதிர்க்காற்று வீசிய நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில் 11 வரை இறங்கியது. ஆக மொத்தம் 121 கேலன். டிரெய்லர் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் 77 ஆகியிருக்கும் என்பதால் டிரெய்லரின் பங்கு 44 கேலன் மட்டுமே. பதினைந்தடி வாடகை லாரி கேலனுக்குப் பத்து மைல் தருவதாக வைத்துக்கொண்டால் 170 கேலன், உடன்வரும் பிக்கப்புக்கு 77, சேர்த்து 247. கேலன் மூன்றரை டாலர் என்று வைத்தால் டிரெய்லர் வழியைவிட எரிபொருளில் மட்டும் 440 டாலர் அதிகம். பிக்கப் எப்படியும் அந்தச் சாலையில் போயாக வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் ஆணிவேர். பிக்கப்பை விற்றுவிட்டுப் போகிறவருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

லாரியின் பலம் அதன் வயிறு. பதினைந்தடி லாரி 760 கன அடிக்கு மேல் கொள்ளும். எங்கள் டிரெய்லரைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். சோஃபா, கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் செலவு மிச்சமாகும் என்றால் லாரியின் கூடுதல் வாடகையும் எரிபொருளும் அதிலேயே ஈடாகிவிடும். எங்களுக்கு அது சரிவராமல் போனதற்குக் காரணம் பணமல்ல. நான்கு நாள்கள் தினமும் இருவரும் வெவ்வேறு வண்டியை ஓட்ட வேண்டும்; ஒருவர் களைத்தால் மற்றவர் மாற்றிக்கொள்ள வழியில்லை. பிக்கப்பையே லாரியின் பின்னால் கார் டிரெய்லரில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் எடையைப் பார்த்துவிட வேண்டும்: யூ-ஹாலின் கார் டிரெய்லர் ஏற்கும் வாகனத்தின் எடை 5,290 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், நான்கு கதவுள்ள முழு அளவுப் பிக்கப்கள் அந்த எண்ணின் அக்கம்பக்கத்திலேயே நிற்கின்றன. பின்தொட்டியில் சாமான் ஏற்றிய பிக்கப் என்றால் பேச்சே இல்லை.

கண்டெய்னரைத்தான் நான் நெடுநாள் யோசித்தேன். இன்றும் அதை இரண்டாம் இடத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. பலருக்கு அதுவே முதலிடம். யூ-ஹாலின் யூ-பாக்ஸ் 257 கன அடியும் 2,000 பவுண்டும் கொள்ளும். எங்கள் டிரெய்லர்ச் சாமான் முழுவதும் அதற்குள் போயிருக்கும். பாட்ஸ் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இன்னும் பெரியவை. நாம் பிக்கப்பை இலேசாக, 70-இல், அல்லது மலையில் பனி என்றால் ஒரு நாள் தாமதித்து ஓட்டலாம். கண்டெய்னரின் பாடு லாரி ஓட்டுநரின் பாடு. புதிய வீடு தயாராகவில்லை என்றால் அவர்கள் கிடங்கிலேயே சில வாரம் கிடக்கட்டும் என்றும் விடலாம், டிரெய்லரில் அது முடியாது. இடறல் இரண்டு. பல அபார்ட்மெண்ட் வளாகங்கள் பார்க்கிங்கில் கண்டெய்னரை இறக்க அனுமதிப்பதில்லை. எங்கள் வளாகத்திலும் முடியாது என்று எழுத்தில் பதில் வந்தது. மற்றது, வந்துசேரும் தேதி. ஒரு நாளைச் சொல்லாமல் ஒரு கால இடைவெளியைச் சொல்வதே வழக்கம். காற்று மெத்தையில் ஒரு வாரம் படுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு அது குறையே அல்ல.

மூவர்ஸைப் பற்றி இரண்டு செய்தி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மாநிலம் கடந்து சாமான் ஏற்றும் நிறுவனங்கள் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற கூட்டரசு அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டவை. நாம் எழுத்துமூலம் முழு மதிப்புப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, கட்டணமில்லாத குறைந்தபட்சப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், உடைந்த பொருளுக்குக் கிடைப்பது பவுண்டுக்கு 60 சென்ட். ஐம்பது பவுண்டுத் தொலைக்காட்சிக்கு 30 டாலர். இறுதித் தொகையைக் கட்டுப்படுத்தாத மதிப்பீட்டின்பேரில் ஏற்றியிருந்தால், இறக்கும் நேரத்தில் மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் விதி. பெரிய குடும்பத்துக்கு, நிறுவனமே செலவை நேரடியாக ஏற்கும்போது, இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் அளவு சாமானுக்கு விலை கட்டவில்லை.

சொந்தமாக ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, போய்ச் சேர்ந்ததும் விற்றுவிடலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். டயர்களின் வயது, அச்சின் நிலை, இரண்டு மாநிலங்களின் பதிவு வேலை எல்லாவற்றையும் வீடு காலி செய்யும் மாதத்தில் பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் அதைச் செய்யட்டும்.

டிரெய்லரின் பக்கம் சாயும் எவரும் கணக்கில் சேர்க்க வேண்டிய சில இன்னல்கள் எந்த விலைப்பட்டியலிலும் வராது. முதலாவது, பின்னால் எடுப்பது. குட்டையான டிரெய்லர் பின்னால் போகும்போது நீளமானதைவிட வேகமாக மடங்கும். பிக்கப்பின் அகலத்துக்குள் ஒளிந்திருப்பதால், மடங்கத் தொடங்கிய பிறகே கண்ணாடியில் தெரியும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது என்ற பாடத்தை ஒரு காலி பார்க்கிங்கில் அரை மணி நேரம் பழகிக்கொண்டேன். இரண்டாவது, இரவு. டிரெய்லர் திருடுபோவதும் பூட்டு உடைவதும் மோட்டல் வாசல்களில் நடப்பவை. கப்ளரில் ஒரு பூட்டுப் போட்டு, டிரெய்லரின் கதவு திறக்க முடியாதபடி சுவரை ஒட்டி நிறுத்துவது பழைய தந்திரம். அதற்குப் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. மூன்றாவது, காப்பீடு. டிரெய்லரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பல கார் பாலிசிகள் பொறுப்பேற்கும். வாடகை டிரெய்லருக்கே ஏற்படும் சேதத்தையும் உள்ளே இருக்கும் சாமானையும் பெரும்பாலும் அவை தொடுவதில்லை. கிரெடிட் கார்டு நிறுவனங்கள் வாடகைக் காருக்குத் தரும் பாதுகாப்பும் டிரெய்லருக்கு வருவது அரிது. முகவரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, வாடகைக்காரர் விற்கும் பாதுகாப்பை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். நாங்கள் எடுத்தோம்.

எடுக்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. எங்களுக்கு முதலில் காட்டிய டிரெய்லரில் ஒரு பக்கத்து இண்டிகேட்டர் எரியவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டு, வழியில் சரியாகிவிடும் என்றார் அங்கிருந்த ஊழியர். ஆகாது என்று நின்றதில் அரை மணி நேரம் கழித்து வேறொன்று வந்தது. பிரேக் விளக்கு, இரு பக்க இண்டிகேட்டர், டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு, ஹிட்ச்சில் உள்ள இரும்புப் பந்தின் தலையில் பொறித்திருக்கும் அளவும் எடை வரம்பும், குறுக்காகப் போட்டு மாட்டிய இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள்: இவற்றைக் கிளம்பும் முன்னும், பிறகு ஒவ்வொரு முறை பெட்ரோல் போட நிற்கும்போதும் பார்த்தோம். நிற்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கில் கோளாறு. முதல் நாள் வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில், லாரிகளை எடை போடும் கேட் ஸ்கேல் என்ற மேடையில் ஏற்றி எடை போட்டோம். இருபது டாலருக்குள் ஆனது. என் மார்க்கர்க் கூட்டல் 60 பவுண்டு குறைவாக இருந்தது தெரிந்தது.

பாதையும் பருவமும் முடிவின் ஒரு பகுதி. 40-ஆம் இண்டர்ஸ்டேட் அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு மேற்கே 7,335 அடி வரை ஏறுகிறது; அங்கிருந்து கலிபோர்னியா எல்லையில் உள்ள நீடில்ஸுக்கு வரும்போது 500 அடிக்கு இறங்கிவிடுகிறோம். பிரேக் இல்லாத டிரெய்லரோடு இந்த இறக்கத்தில் பளு இழுப்பதற்கென்று உள்ள டோ/ஹால் பொத்தானை அழுத்தி, கியரே வேகத்தைப் பிடிக்கும்படி விட்டு, பிரேக்கை இடைவெளி விட்டு விட்டு மட்டும் தொட வேண்டும். ஜூலையில் நீடில்ஸ் பக்கம் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சாலையில், அந்த வெயிலில், காற்று குறைந்த டிரெய்லர் டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. கோடையில் போவதாக இருந்திருந்தால் கண்டெய்னருக்காக வளாக அலுவலகத்தோடு இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருப்பேன். ஜனவரியில் என்றால் ஃப்ளாக்ஸ்டாஃப் பனிக்காகவும் அப்படியே.

நீடில்ஸில் கலிபோர்னியா வேளாண் துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியை எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் முன்பே அறிந்திருப்பது நல்லது. எலுமிச்சை இனங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஆசியச் சிட்ரஸ் சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலை இருப்பிடம் என்பதால், டெக்ஸாஸிலிருந்து அந்தச் செடி உள்ளே போகக் கூடாது. எந்த வழியில் சாமானை அனுப்பினாலும் விதி ஒன்றுதான். எங்கள் செடி பிளேனோவில் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. சாவடி ஊழியர் டிரெய்லரைத் திறக்கச் சொன்னபோது கதவோரத்தில் இருந்தது தலையணைகளும் மகளின் பொம்மைகளும்தான். கனமான எல்லாம் முன்சுவரில்.

பணக்கணக்கில் திசைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருவழி வாடகை என்பது தூரத்தால் மட்டும் அமைவதில்லை. எங்கே வண்டிகள் தேங்குகின்றன, எங்கே தட்டுப்பாடு என்பதால் அமைகிறது. கலிபோர்னியாவிலிருந்து டெக்ஸாஸுக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் அந்தத் திசையில் வாடகை உயர்ந்தும், எங்கள் திசையில் தாழ்ந்தும் இருந்தது. எங்களுக்கு டிரெய்லர் அவ்வளவு மலிவாகக் கிடைத்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. காலி டிரெய்லர்கள் மேற்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. 1,500 பவுண்டு சாமான், மூன்று பேர், 1,500 பவுண்டுக்குக் குறையாத ஸ்டிக்கர், வெயிலும் பனியும் இல்லாத மாதம் என்று அத்தனையும் பொருந்திவந்ததால் அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இதே சாமானோடு நாளை டெக்ஸாஸுக்குத் திரும்ப வேண்டியிருந்தால் முதலில் கண்டெய்னர் விலையைத்தான் கேட்பேன். கேட்பதற்கு முன், வண்டி அதேதான் என்றாலும், கதவைத் திறந்து ஸ்டிக்கரை ஒருமுறை படித்துக்கொள்வேன். மகள் இப்போது முன்னைவிட இருபது பவுண்டு கூடியிருக்கிறாள்.